நல்லாயிருக்கு என்று சொன்னால்

"அந்தக் கடிகாரத்தையும் கழட்டிடலாம்மா. போன தடவை வந்த ஒருத்தர் அதையே பாத்துட்டிருந்தார்."

மகன் இசாயா சொன்னதும் லைசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கழட்டு, கழட்டு. வேன் வந்துடப் போகுது."

பிஜித் தீவின் கடலோரக் கிராமம் அது. ஊரைப் பார்க்க வரும் பயணிகளை உபசரிக்கும் குழுவுக்கு லைசாதான் தலைவி. அந்தப் பதவியை யாரும் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்றபடி எல்லாம் அவள் கொடுத்ததுதான்.

விருந்தாளி ஒரு பொருளைப் பார்த்து 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டால் அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். மற்ற வீடுகளில் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்வார்கள். லைசாவால் அது முடியாது. 'எங்க வீட்டுல மாட்டேங்கிற வார்த்தையே கிடையாது' என்று தேவாலய வாசலில் நின்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவள்.

அந்தப் பேருக்காக முதலில் ரேடியோ போனது. போன மாதம், சிவப்புக் கம்பளிக் குஞ்சம் வைத்த அவளுடைய கல்யாணப் பாய் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியது. சிரித்த முகமாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள். இனி மிச்சம் இருப்பது மாமியார் காலத்து மரப்பட்டைத் துணி, கவா வேர்ப்பொடியைப் பானமாகக் கரைக்கும் மரச்சட்டி, பெண் கேட்கப் போகும்போது எடுத்துப்போகும் திமிங்கலப் பல். இதில் ஒன்று போனாலும் உயிர் போய்விடும். தர மாட்டேன் என்றால் பேர் போய்விடும்.

இசாயாதான் வழி சொன்னான். "எல்லாத்தையும் பக்கத்து வீட்டுல வச்சிட்டா என்ன? கண்ணுல பட்டாத்தானே நல்லாயிருக்கும்பாங்க."

முப்பது வயதில் படகு ஓட்டிக்கொண்டிருப்பவன், அன்று காலையிலிருந்து சளைக்காமல் மூட்டை சுமந்தான். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று லைசா பூரித்துப்போனாள்.

பக்கத்து வீட்டுச் சலோத்தே வந்து கதவில் சாய்ந்தாள். "என் வீட்டுல எனக்கே நிக்க இடமில்லடி. உன் மரச்சட்டிய நடுவுல போட்டுட்டு, என் புருஷன் அதைச் சுத்திப் படுத்திருக்கார்."

"ஒரு மணி நேரம் பொறுத்துக்க. எல்லாம் இவன் கல்யாணத்துக்கு வேணும்."

"பொண்ணு?"

"பெரிய தலைவர் வீட்டுப் பொண்ணா வரட்டும். வந்த ரெண்டும் நம்ம தகுதிக்கு இல்ல."

இசாயா கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போனான். அதை எங்கே திணிக்கப் போகிறானோ என்று சலோத்தே பின்னாலேயே போனாள். அதற்குள் வேன் வந்து நின்றது.

வந்தவர்கள் ஒரு நியூசிலாந்துத் தம்பதி. கூடவே, மாதாமாதம் ஆட்களை அழைத்துவரும் பிரனீதா. லவுத்தோக்கா பக்கம் கரும்பு போடும் இந்தியக் குடும்பத்துப் பெண். அவளை லைசாவுக்குப் பிடிக்கும். இத்தனை தடவை வந்தும், இந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட அவள் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. வழக்கம் தெரிந்த பெண்.

எல்லோரும் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். சலோத்தேவும் திரும்பி வந்து கதவோரம் உட்கார்ந்தாள், எதையோ மென்று விழுங்குகிற முகத்தோடு.

லைசா தொண்டையைச் செருமினாள். "மொதல்ல தொப்பியக் கழட்டுங்க. ஊருக்குள்ள தலைவரைத் தவிர யாரும் தொப்பி போடக் கூடாது. கொழந்தைங்க தலையத் தொடாதீங்க. கவா குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ கை தட்டணும், குடிச்சப்புறம் மூணு தடவ. சேத்துத் தண்ணி மாதிரிதான் இருக்கும், மூஞ்சியச் சுளிக்கக் கூடாது."

வழக்கமாக இதோடு நிறுத்திக்கொள்வாள். அன்று வீடு மொட்டையாக இருந்ததால் வள்ளல்தனம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு. இந்த வீட்டுல எது பிடிச்சாலும் தயங்காமச் சொல்லுங்க. சொன்ன நிமிஷம் அது உங்களுது. சந்தேகம்னா சலோத்தேவக் கேளுங்க."

"ஆமாமா," என்றாள் சலோத்தே. "அவ வீட்டுல இருந்ததுக்கெல்லாம் என் வீடுதான் சாட்சி."

நியூசிலாந்துக்காரர் நாலு பக்கமும் கண்ணால் துழாவினார். பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "அந்தக் காலண்டர் நல்லாயிருக்கு," என்றார் மரியாதைக்கு.

லைசா அதை ஆணியிலிருந்து எடுத்து, பாதி ராஜ்ஜியத்தை எழுதிக் கொடுப்பவள் போல இரண்டு கையாலும் நீட்டினாள். போன வருஷத்துக் காலண்டர்.

கொடுத்த வேகத்தில் பிரனீதா பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா எப்பவும் வாயே தெறக்க மாட்டேங்கிற? ஏதாவது சொல்லு."

"நெஜமாவா ஆன்டி? அப்புறம் மாட்டேன்னு சொல்லிடக் கூடாது."

"என்னைப் பாத்தா கேக்குற? சொல்லும்மா."

பிரனீதா வெறும் சுவரைப் பார்த்தாள். வெறும் தரையைப் பார்த்தாள். அப்போதுதான் வாசலில் வந்து நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"உங்க பையன் நல்லாயிருக்கார், ஆன்டி."

இதுவும் ஏதோ சடங்கு என்று நினைத்த நியூசிலாந்துத் தம்பதி மூன்று முறை கை தட்டினார்கள்.

பதிலுக்கு வேறு எதையாவது தூக்கிக் கொடுத்துச் சமாளிக்க லைசாவின் கண் வீடு முழுக்க ஓடியது. கடிகாரம்கூட இல்லை.

"சலோத்தே," என்றாள். "ஓடிப்போய் அந்தக் கடைசி மூட்டையிலேருந்து எதையாவது எடுத்துட்டு வா."

"அது என் வீட்டுக்கே வரலையேடி," என்றாள் சலோத்தே, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்து விட்டு. "நேரா வேன்ல வச்சுட்டான். பிரிச்சுப் பாத்தேன், இவன் சட்டை நாலு, நடுவுல உன் திமிங்கலப் பல்லு."