கரையில் எரிந்த லாம்பு

“குண்டு போடுற பொம்மர் மேல சுத்துது, லாம்பை நூர்க்கச் சொல்லி அண்டைக்குச் சொன்னனானெல்லே...” “தம்பி கடலுக்குள்ள நிக்கேக்க எப்பிடியப்பா வெளிச்சத்தை நூர்க்கிறது?” ஜெர்மனியின் வடகடலோர அருங்காட்சியகத்தில் கனகேந்திரனும், அவரை ‘அப்பா’ என்றே கூப்பிடும் மனைவி ஜெயமலரும் ஒருவர் பேச்சை ஒருவர் விழுங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், முதல் உலகப்போரில் செப்பலின் ஆகாயக் கப்பல் சுமந்த குண்டு பேரிக்காய் போலக் கிடக்கிறது. இங்கிலாந்துக் கரையோரத்தில் வெளிச்சம் தெரிந்த கிராமங்களில் போட்டார்களாம். சுவரில் எழுதியிருந்ததைக் கனகேந்திரன்தான் வாசித்துச் சொன்னார், சொல்லாமலே விட்டிருக்கலாம். மேலே தொங்கும் மாதிரிக் கப்பல் காற்றில் மெல்லத் திரும்ப, அதன் நிழல் கண்ணாடியில் ஊன்றிய ஜெயமலரின் கைமேல் ஏறி இறங்குகிறது. அவள் லாம்பை எரியவிட்ட ஊர்க் கரையில் அவளுடைய தம்பியைக் குண்டு கொண்டுபோய்ப் பதினெட்டு வருடம். “பொம்மர் மட்டுமே பாத்தது? அவனும் அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தானேயப்பா கரைக்கு வந்தவன்?”