முப்பத்தொன்பது புள்ளி எட்டு

நாற்பது டிகிரி தாண்டினால் எங்கள் ஊரில் கட்டட வேலையை நிறுத்தியாக வேண்டும். அதனால் கராகும் பாலைவன மணல் எவ்வளவு கொதித்தாலும், பன்னிரண்டு கோடையாக வானிலைப் பதிவேட்டில் நான் எழுதியது 39.8. அப்படி எழுதும்படி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒருநாள், கூரைக்குத் தார் பூசும் என் மைத்துனன் மெரெத் போன் செய்தான்.

“மச்சான், இன்னைக்கு ஒரு நாளாச்சும் நெசத்த எழுதுங்களேன். கண்ணு இருட்டுது.”

“ஒட்டகமோர் குடிச்சிட்டு நிழல்ல ஒதுங்குடா, பெரிய மகாராசா!”

வெப்பமானியில் அப்போது 46. மாலையில் அவனைப் புதைத்தோம்.

மறுநாளிலிருந்து வெப்பமானியே 39.8 காட்டியது. செப்டம்பரிலும் அதேதான். புதியதை மாட்டினேன். அதுவும் அங்கேயே ஏறி நின்றது.

இது ஜனவரி. வானிலை நிலையத்தின் வேலிக்கு வெளியே கணுக்கால் அளவு பனி. உள்ளே, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. என் மனைவி ஒகுல்பீகே கேட்டுக்கு வெளியே கோட்டுடன் நிற்கிறாள்.

“ஏங்க, இந்தக் குளிர்ல வெறும் சட்டையோட என்ன கூத்து? வெளிய வாங்க!”

பதிவேட்டை எடுத்து, மெரெத் இறந்த நாளின் 39.8ஐ அடித்துவிட்டு 46 என்று எழுதினேன். நிம்மதியாகப் போய்க் கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டேன். விரல் பொசுங்கியது.

திரும்பிப் பார்த்தேன். வெப்பமானியில் 46.

ஒகுல்பீகே ஏந்திய கோட்டின் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது.