மூத்தாள் அறையின் சூடு

படுக்கப்போகும் முன் ஹீட்டரில் சூட்டை வெளியே விடும் திருகை மூடிவிட வேண்டும். இரவின் மலிவு மின்சாரத்தில் உள்ளே இருக்கும் கற்கள் சூடேறும். திருகைத் திறந்து வைத்தால் தூங்குகிறபோதே அத்தனை சூடும் வீணாகிவிடும், சாயங்காலம் விறைக்க வேண்டியதுதான். ஸ்காட்லாந்தின் டண்டீ ஊரில் வயசானவர்கள் பலர் செய்கிற தப்பு இது. எழுபது தாண்டிய எஃபி ஒருநாளும் தவறியதில்லை. அவள் முன்னறை மாலையிலும் கதகதவென்றிருக்கும்.

ஆனாலும் அவள் கணவர் லாக்லன் டீக்கோப்பையோடு பின்னறைக்கே போய்விடுவார். அது மூத்தாள் மோரின் உட்கார்ந்து தைத்த அறை. அவள் செத்ததுமே அங்கிருந்த ஹீட்டரை அணைத்தாயிற்று.

"இங்க என்னய்யா குறைச்சல்?"

"அங்க சூடு இதமா இருக்கு, எஃபி."

"ஆமா, செத்தவ வந்து கரண்டு பில்லு கட்டுறாளாக்கும்!"

போய் அந்த ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

மறுநாளே ஹீட்டர் ரிப்பேர் ஆளை வரவழைத்தாள். கீத் என்கிற அந்த ஆள் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கல்கூட இல்லை.

"வெறும் தகரம்மா. இது எங்க சுடப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிப் போனான்.

அன்று மாலை லாக்லன் பின்னறையில், ஹீட்டர் போன வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஸ்வெட்டரைக் கழற்றினார். எஃபி தன் நாற்காலியை இழுத்துவந்து ஒட்டிப் போட்டாள். அவருக்கு நேராகச் சுவர் சுட்டது. ஒரு சாண் தள்ளி, அவள் பக்கம் ஐஸாக இருந்தது.

"எனக்கும் கொஞ்சம் இடம் விடுய்யா."

அவர் மறுக்காமல் நகர்ந்து இடம் விட்டார். சூடும் அவரோடு நகர்ந்தது.