பன்னிரண்டாவது பேர்

"சமையல், எடை தூக்கறது, அப்புறம் ரெண்டு பீரியடு சும்மா உக்கார்றது. இதுதான் உன் கடைசி வருஷப் படிப்பாடா கோல்பி? காலேஜ்காரன் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பான்!"

மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரென்னா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது. கோல்பி மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவன் தட்டில் பொரித்த கோழி இன்னும் பாக்கியிருந்தது.

"சிரிக்கட்டும். சிரிச்சா உடம்புக்கு நல்லது."

"விளையாடாதே. பிசிக்ஸ் எடு."

"பிசிக்ஸா? எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம்!"

விஸ்கான்சினில் இருக்கும் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் ஒரு விதி. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு பாடம் அடுத்த வருஷம் நடக்கும். ஒருத்தர் குறைந்தாலும் இழுத்து மூடிவிடுவார்கள். ஆலோசகர் ஓபெர்க் அம்மா தினமும் காலையில் தன் அறைக் கதவில் எண்ணிக்கையை ஒட்டுவார். பிசிக்ஸுக்கு நேராக நேற்று பன்னிரண்டு இருந்தது. இன்று பதினொன்று. மாலை நாலு மணியோடு கெடு முடிகிறது.

"நான் மேடிசன் யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் சேரணும்டா. கடைசி வருஷம் பிசிக்ஸ் இல்லேன்னா என் மனுவை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாங்க. எந்தப் படுபாவியோ நேத்து கழண்டுக்கிட்டான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. கோல்பிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேரத்தை விடுவானா அவன்?

"வீட்டுப் பாடம்?"

"நான் சொல்லித் தரேன்."

"லேப்?"

"நான்தான் உன் ஜோடி. போதுமா?"

"குளிர்காலத்துல எங்க வீட்டு வாசல்ல கொட்டுற பனி?"

"அதுக்கும் பிசிக்ஸுக்கும் என்னடா சம்பந்தம்?"

"எனக்கும் பிசிக்ஸுக்கும் என்ன சம்பந்தமோ, அதே சம்பந்தம்தான்."

பிரென்னா பல்லைக் கடித்தாள். "சரி, தள்ளித் தொலைக்கிறேன். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும்."

"ஏப்ரல்லயும் கொட்டும்."

"ஏப்ரலும் சேர்த்துக்கோ!"

மூன்று மணிக்கு மணி அடித்ததும் அவனைத் தன் பழைய காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தாள். அவன் அம்மா டார்லா வேலை செய்யும் முடி திருத்தும் கடை ஊர்க்கோடியில் இருந்தது. ஒரு கையில் கத்தரிக்கோலோடு படிவத்தை வாங்கிப் பார்த்த டார்லா, மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு, நீயா? பிசிக்ஸா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"ஆன்ட்டி, நேரமாச்சு!"

"பேனாவைக் குடும்மா. இவன் மனசு மாறுறதுக்குள்ள கையெழுத்தைப் போட்டுடறேன்."

மூன்று ஐம்பதுக்கு ஓபெர்க் அம்மாவின் மேசையில் மூச்சிரைக்கப் படிவத்தை வைத்தாள் பிரென்னா. ஓபெர்க் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கோல்பியின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

"பன்னிரண்டு ஆச்சு. பிசிக்ஸ் நடக்கும்."

பிரென்னா துள்ளிக் குதித்தாள். கோல்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் தூக்குத் தண்டனை கிடைத்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து பேரை எடுத்த அந்தப் புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லுங்க, மேடம். நல்லா நாலு வார்த்தை கேக்கணும்."

"யாரும் எடுக்கலைம்மா. பேரு கொடுத்ததோட சரி, வீட்டுல கையெழுத்து வாங்கின தாளு வந்து சேரலை. கெடுவுக்கு முந்தின நாள் அந்த மாதிரிப் பேரையெல்லாம் கம்ப்யூட்டரே தள்ளிடும். நானும் மூணு தடவை மெயில் போட்டுட்டேன். திறந்துகூடப் பார்க்கலை."

"அடக் கொடுமையே! ஒரு கையெழுத்து வாங்கத் துப்பில்லாத ஜென்மமெல்லாம் காலேஜுக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போகுது?"

"நானும் அதையேதான் நினைச்சேன்." ஓபெர்க் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். "உடனே உங்கப்பாவை வரச் சொல்லு, பிரென்னா. பதிமூணாவது பேரா உன்னைச் சேர்த்துக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."