முன் சீட்டு

டீச்சர் அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

டவுன் பஸ்ஸின் முன் சீட்டில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் வகுப்புப் பிள்ளை, கீழத்தெரு. ஒன்பதாவது.

கீழத்தெருப் பிள்ளைகள் இந்த பஸ்ஸில் உட்காருவதில்லை. சீட்டு காலியாகக் கிடந்தாலும் பின்படிக்கட்டுப் பக்கம் நின்றேதான் வருவார்கள். எந்தப் போர்டிலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

பதினோரு வருஷமாக டீச்சரும் இதே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். உட்கார்ந்துகொண்டு.

காலையில் பாடம் நடத்தியது அவள்தான். எங்கோ ஒரு தேசத்தில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மாட்டோம் என்று சொன்ன கறுப்பின மக்களைப் பற்றி. பிள்ளைகள் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

எழுந்திருக்காதவர்களுக்கு என்ன ஆனது, யார் ஜெயிலுக்குப் போனார்கள், யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் குண்டு வெடித்தது, எல்லாம் நாளைக்கு என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

அட பைத்தியக்காரி, அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

மாடத்தி பக்கத்தில் இருந்த அம்மாள் விருட்டென்று எழுந்து போனாள். கண்டக்டர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று சீட்டு தள்ளி இருந்த டீச்சரின் கொழுந்தன் சுடலைக்கண்ணு போனை எடுத்தான். குரலை உயர்த்தவில்லை. பாலத்து நிறுத்தத்தில் பைக்கோடு வந்து நிற்கும்படி யாரிடமோ சொன்னான்.

மாடத்தி இறங்குவது அங்கேதான்.

அதற்கு முந்தின நிறுத்தம் டீச்சரின் ஊர். பஸ் நின்றது. கொழுந்தன் திரும்பி, மரியாதையாகவே சொன்னான்.

“மதினி, ஊர் வந்துட்டு. நீங்க எறங்கிருங்க. இத நாங்க பாத்துக்கிடுதோம்.”

ஒரே வீடு. கணவன், மாமியார், இவன், எல்லாருக்கும் ஒரே அடுப்பு. இன்று இறங்காவிட்டால் நாளை அந்த வாசற்படியை மிதிக்க விடமாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்தாள்.

டீச்சர் வருவதைப் பார்த்ததும் மாடத்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பியது. பின்னால் சுடலைக்கண்ணு மறுபடி போனில் பேசுவது கேட்டது.

“அண்ணே, மதினி எறங்கல.”