இரண்டு நொடியில் வரும் பக்கம்

ஒன்பதாயிரம் பேரை ஒரே வரியில் ஒழித்துக்கட்டிவிட்டு, அவன் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"முடிஞ்சுதா?" என்று பின்னால் வந்து நின்றார் மேலதிகாரி.

"முடிஞ்சுது சார். பாருங்க."

பொத்தானை அழுத்தினான். காணாமல் போனவர்களின் பட்டியல் இரண்டே நொடியில் திரைக்கு வந்தது. நேற்று வரை மூன்று நிமிடம் எடுத்த பக்கம் அது. வாயெல்லாம் பல்லாக அவன் முதுகில் தட்டினார் மேலதிகாரி.

மூன்று நிமிடத்துக்குக் காரணம் அவனுக்குத் தெரியும். பதினோராயிரம் பேரையும் படத்தோடு ஒரே மூச்சில் இழுத்துவந்தது அந்தப் பக்கம். அது போதாதென்று, ஒவ்வொருவர் வீட்டு போன் நம்பருக்கும் தரவுத்தளத்துக்குத் தனித்தனியாக ஒரு நடை போய்வந்தது. உப்புக்கு ஒரு தடவை, சர்க்கரைக்கு ஒரு தடவை என்று கடைக்கு ஓடுகிற கதைதான்.

ஒழுங்காகச் சரிசெய்ய ஒரு வாரமாவது ஆகும். இன்றைக்கே வேண்டும் என்று தலைமேல் நின்றார் மேலதிகாரி. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட பதிவு எதையும் காட்டாதே என்று நிரலில் ஒரு வரி எழுதிக் கையைக் கழுவிவிட்டான். அழிக்கவில்லையே, மறைத்ததோடு சரி. அவ்வளவு பழசை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

பதினோரு மணிக்குக் குடைக்காரர் வந்தார்.

அலுவலகக் கூடத்தில் பொதுமக்களுக்கென்று ஒரு கணினி உண்டு. வெயிலோ மழையோ, நரைத்த தாடியும் கையில் குடையுமாகத் தினமும் அதன் முன்னால் வந்து உட்காருவார் பெரியவர். பக்கம் வரும்வரை குடைப்பிடியில் மோவாயை வைத்துக் காத்திருப்பார். பட்டியலை உருட்டிக்கொண்டு நேராக ஓரிடத்துக்குப் போய், ஒரே ஒரு பதிவைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்.

"யாரைத் தேடுறாரோ, வாயே திறக்க மாட்டார்" என்று கவுண்டர் அக்கா முன்பே அவனிடம் சொல்லியிருந்தாள். "திரும்பக் கிடைச்சவங்க பட்டியல்னு தனியா ஒண்ணு இருக்கே, அதை ஒருநாள்கூடத் தொட்டதில்ல. அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது போல, பாவம்."

இன்று பக்கம் சட்டென்று வந்ததும் பெரியவர் திடுக்கிட்டார். உருட்டினார். பட்டியல் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. மறுபடி மேலே போய் மறுபடி உருட்டினார். பிறகு கவுண்டருக்கு வந்தார்.

"அம்மா, நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டாம் நம்பரைக் காணோமே?"

அக்கா தட்டிப் பார்த்தாள். "வரலையே ஐயா. புகார் கொடுத்தவங்களே எடுக்கச் சொல்லியிருப்பாங்க."

"எடுக்கச் சொன்னாங்கன்னா?"

"இனிமே தேட வேணாம்னு அர்த்தம்."

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அப்போதே எழுந்து, நான்தான் மறைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே நின்று மேலதிகாரி யாரிடமோ போனில் அவன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அவன் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் குடையை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இரவு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"வேலை நல்லா முடிஞ்சுதுன்னுதானே சொன்னீங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"ஒரு அப்பாகிட்ட இருந்து பிள்ளையைப் பிடுங்கிட்டேன்" என்றான். அவளுக்குப் புரியவில்லை.

மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னான். வாங்கவேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் கேட்டு வாங்கினான். ஐம்பது ஐம்பது பேராக வரும்படி செய்தான். அந்த ஐம்பது பேரின் போன் நம்பரையும் ஒரே நடையில் அள்ளிவரச் செய்தான். எண்ணைப் போட்டுத் தேட ஒரு கட்டமும் வைத்தான். இப்போதும் பக்கம் இரண்டே நொடியில் வந்தது, பதினோராயிரம் பேரும் உள்ளே இருந்தார்கள். கூடத்து நாற்காலிதான் காலியாகக் கிடந்தது.

ஒன்பதாம் நாள் நல்ல மழை. எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்தபடி இந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் பெரியவர். அவன் குடையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"ஐயா, யாரும் எடுக்கச் சொல்லல. பக்கம் வேகமா வரணும்னு நான்தான் மறைச்சு வச்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், தைரியம் வரல. என்னை மன்னிச்சிடுங்க. வாங்க, வந்து பாருங்க."

கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தான். எண்ணைப் போட்டான். கருகருவென்ற மீசையோடு யாரோ ஒருவர் திரையில் சிரித்தார்.

பெரியவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்த போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

அவன் அவர் தோளில் கை வைத்தான். "கவலைப்படாதீங்க ஐயா. உங்க பையனை எப்படியும் கண்டுபிடிச்சிடலாம்."

பெரியவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பையன் வீட்லதான் இருக்கான் தம்பி. தொலைஞ்சது நான்."