பட்டினி கிடக்கும் குதிரை

“கீமோ போட்டு அவ இன்னும் தேறவே இல்ல. இனிமே லாயத்துக்குக் கூப்பிடாதீங்க!” ஸ்பீக்கர் போனில் கத்தினார் கணவர்.

“நான் என்ன சார் பண்றது? அம்மா ஊட்டினாத்தான் குதிரை வாயே திறக்குது,” என்றார் லாயக்காரர்.

சூப்பைத் தொடாமல் சுருண்டு கிடந்த மனைவி சட்டென்று எழுந்தாள்.

“வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குது, உங்களுக்கென்ன கோவம்?”

சூப்பை மடமடவென்று குடித்தாள். மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் கதவைச் சாத்தியதும் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“கிளம்பிட்டா சார்! பேசி வச்சபடியே பொய்யை அசத்தலாச் சொன்னீங்க.”

“அம்மா தேறிடுவாங்க சார். என் குதிரை கதிதான் கவலையா இருக்கு. முதல்ல நான் போடறதையும் தின்னு, அப்புறம் அம்மா ஊட்டறதையும் தின்னு, இப்ப சேணத்து வார் வயித்தைச் சுத்தி எட்டவே மாட்டேங்குது!”